ஓய்வுக்காலப் பணம்: வட்டியும் வரியும் சேர்த்துப் போடும் கணக்கு

பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் எல்லாம் ஒன்றாக வங்கிக் கணக்கில் வந்து விழுந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கே வட்டி அதிகம்? இன்னும் இரண்டு கேள்விகள் அதைவிட முக்கியம். இந்த வட்டி எத்தனை வருடத்துக்கு மாறாமல் இருக்கும்? அது எந்த நிதியாண்டின் வருமானமாகக் கணக்கில் ஏறும்? கால் சதவீத வட்டிக்காக ஊரெல்லாம் அலைந்தவர்கள், இந்த இரண்டைக் கவனிக்காமல் லட்சக்கணக்கில் வரி கட்டுவது உண்டு.

கீழே உள்ள வரிக் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. எல்லாருக்கும் பழகிய பழைய எண்களையே இங்கே தருகிறோம்.

முதலில் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம்

பணம் வந்ததும் போட வேண்டிய முதல் இடம் இது. தபால் நிலையத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் போடலாம். 2023 ஏப்ரலில் இருந்து 8.2% வட்டி. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை மாற்றி அறிவிக்கலாம். ஆனால் நீங்கள் கணக்குத் தொடங்கும் நாளில் இருக்கும் விகிதம்தான் 5 வருடத்துக்கும். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) 2025 பிப்ரவரி முதல் இறங்கி, வங்கி டெபாசிட் வட்டியையும் கீழே இழுத்திருக்கிறது. இப்படிப்பட்ட காலத்தில் 5 வருடத்துக்கு விகிதத்தைப் பூட்டி வைப்பது பெரிய லாபம்.

30 லட்சத்துக்கு வருடம் 2,46,000 ரூபாய், அதாவது காலாண்டுக்கு 61,500. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி தொடக்கத்தில் வரும். எடுக்காமல் விட்ட காலாண்டு வட்டிக்கு வட்டி கிடையாது. ஆகவே சேமிப்புக் கணக்கில் தானாக வரவு வைக்கும்படி தொடங்கும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

60 வயது ஆனவர் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். 55 முதல் 60 வரை உள்ளவர் ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றிருந்தால், ஓய்வுப் பலன் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போட வேண்டும். அந்தப் பலன் தொகைக்கு மேல் போட முடியாது. பணம் வந்த தேதிக்கான சான்றை அலுவலகத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எஃப்.டி.யில் போட்டுவிட்டு ஐந்தாம் மாதம் போய் நிற்பவர்களுக்கு 60 வயது வரை இந்தக் கதவு மூடிவிடும்.

நடுவில் மூடினால் பிடித்தம் உண்டு. ஒரு வருடத்துக்குள் என்றால் கொடுத்த வட்டி முழுவதையும் திரும்பப் பிடிப்பார்கள். இரண்டு வருடத்துக்குள் அசலில் 1.5%, அதற்குப் பிறகு 1%. முதிர்ந்த பின் 3 வருடம் நீட்டிக்கலாம், முதிர்ந்த தேதியில் உள்ள விகிதத்தில். நீட்டிப்பு விண்ணப்பத்தை முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். மறந்துபோனால் அந்தப் பணத்துக்குக் கிடைப்பது தபால் நிலையச் சேமிப்புக் கணக்கின் 4% மட்டும்தான். முதிர்வுத் தேதியைக் காலண்டரில் மட்டும் அல்ல, பிள்ளைகளின் செல்போனிலும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

இதற்கு அடுத்தது தபால் நிலைய மாத வருமானத் திட்டம்: 7.4%, தனிநபருக்கு 9 லட்சம், கூட்டுக் கணக்கானால் 15 லட்சம். 9 லட்சத்துக்கு மாதம் 5,550 ரூபாய் வரும். மாதா மாதம் கைக்கு வருவதால் காலாண்டு வட்டிக்கு நடுவே இருக்கும் இடைவெளியை இது நிரப்பும்.

வட்டி ஏறினால் நமக்கும் கொஞ்சம் ஏற வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் மிதக்கும் வட்டிப் பத்திரம் இருக்கிறது. தேசிய சேமிப்புச் சான்றிதழ் வட்டியுடன் 0.35% சேர்த்து ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் விகிதத்தை நிர்ணயிப்பார்கள், 7.7% அடிப்படையில் இது 8.05%. ஏழு வருடம். 60 முதல் 70 வயது வரை உள்ளவர் 6 வருடத்துக்கு முன் வெளியேற முடியாது. 70 தாண்டினால் 5, 80 தாண்டினால் 4 வருடம். அவசரத்துக்கு வேண்டிய பணத்தை இதில் போடவே கூடாது.

எஃப்.டி.யில் எழுதியிருப்பதும் கைக்கு வருவதும்

விளம்பரப் பலகையில் "ஈல்டு 8.3%" என்று, அதாவது வருட வருவாய் 8.3% என்று, பார்த்தால் நின்று படியுங்கள். காலாண்டுக் கூட்டுவட்டியில் 7% கொடுக்கும் 5 வருட டெபாசிட்டில் 100 ரூபாய் 141.48 ஆகும். கூடுதலான 41.48-ஐ ஐந்தால் வகுத்தால் 8.3. உண்மையான விகிதம் 7%தான். அதேபோல 10 லட்சத்துக்கு 7% என்றால் மாதம் 5,833 வரும் என்று கணக்குப் போடுவார்கள். வங்கி தருவது சுமார் 5,800. காலாண்டு வட்டியை முன்கூட்டி மாதா மாதம் தருவதால் கழிவு போட்டுத் தருகிறார்கள். தப்பில்லை, தெரிந்திருந்தால் போதும்.

வங்கி முடங்கினால் காப்பீடு ஒருவருக்கு, ஒரு வங்கிக்கு 5 லட்சம். அசலும் வட்டியும் சேர்ந்தே அந்த 5 லட்சம். ஒரே வங்கியின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும். 7% விகிதத்தில் 5 வருடக் கூட்டுவட்டி டெபாசிட் என்றால் 3.5 லட்சம் போட்டால் முதிர்வில் 4.95 லட்சம் ஆகும். ஆக, சிறு நிதி வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அதிக வட்டிக்குப் போடுபவர் 3.5 லட்சத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கூட்டுக் கணக்கில் பெயர்களின் வரிசையை மாற்றிப் போட்டால் அது தனிக் கணக்காக எண்ணப்படும், தனி 5 லட்சம் கிடைக்கும். நிதி நிறுவனம், 'நிதி' (Nidhi) கம்பெனி, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அங்கே கிடைக்கும் கூடுதல் வட்டி அந்த ஆபத்துக்கான கூலி.

மொத்தப் பணத்தையும் ஒரே தேதியில் முதிரும்படி போடாதீர்கள். 2020 மே மாதம் ரெப்போ விகிதம் 4% ஆனது, இரண்டு வருடம் அங்கேயே இருந்தது. அந்த நேரத்தில் முழுப் பணமும் முதிர்ந்தவர்களுக்கு மாத வருமானமே சரிந்தது. பணத்தை ஐந்து சம பங்காக்கி 1, 2, 3, 4, 5 வருடங்களுக்குப் போடுங்கள். ஒவ்வொன்று முதிரும்போதும் செலவுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை 5 வருடத்துக்குப் போட வேண்டும். ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு எல்லாமே 5 வருட டெபாசிட்டாக இருக்கும், ஆனால் வருடா வருடம் ஒன்று கைக்கு வரும்.

வட்டி ஏறிவிட்டது, பழைய எஃப்.டி.யை உடைத்துப் புதிதாகப் போடலாமா? கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். 5 லட்சம், 5 வருடம், 6.5%, ஒரு வருடம் ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடைத்தால் 6.5% கிடைக்காது. போட்ட நாளில் ஒரு வருட டெபாசிட்டுக்கு இருந்த விகிதம், உதாரணமாக 6.25%, அதில் 1% அபராதம் போக 5.25%தான் வரும். இழப்பு 1.25%, ரூபாயில் 6,250. புதிய விகிதம் 7.25% என்றால் மீதி 4 வருடத்துக்கு வருடம் 0.75% வீதம் சுமார் 15,000 கூடுதல், உடைக்கலாம். புதிய விகிதம் 6.75% மட்டும் என்றால் கூடுதல் 5,000தான், விட்டுவிடுங்கள். அபராதம் வங்கிக்கு வங்கி மாறும், ரசீதின் பின்பக்கத்தில் இருக்கும்.

வரி: 12 லட்சக் கோடு

விகிதமும் குறைவு, கழிவுகளும் குறைவு என்ற புதிய வரி முறையில் 2025-26-க்கு எல்லா வயதினருக்கும் 4 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 8 லட்சம் வரை 5%, 12 லட்சம் வரை 10%, 16 லட்சம் வரை 15% என்று போகும். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவு தரும் தள்ளுபடியால் வரி பூஜ்யம். பென்ஷன் வாங்குபவருக்கு 75,000 நிலையான கழிவு தனி. வெறும் வட்டி வருமானத்துக்கு அது கிடையாது.

வருடம் 3.6 லட்சம் பென்ஷன், 5.4 லட்சம் வட்டி உள்ள ஒருவரைப் பாருங்கள். புதிய முறையில் கழிவு போக 8.25 லட்சம், வரி இல்லை. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, வட்டிக்கான 80டிடிபி (80TTB) கழிவு 50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 50,000, சேமிப்புகளுக்கான 80சி-யில் 1.5 லட்சம் என்று எல்லாவற்றையும் கழித்தாலும் 6 லட்சம் நிற்கும். வரி, அதன் மேல் போடும் கூடுதல் வரியான செஸ்ஸோடு சேர்த்து, 31,200. ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பழைய முறை இனி உதவாது என்றே சொல்லலாம். இன்னமும் "வரி சேமிக்க" என்று 5 வருட வரிச்சேமிப்பு எஃப்.டி. போடுபவர்கள், எந்தச் சலுகையும் வாங்காமல் பணத்தை உடைக்க முடியாத பெட்டியில் பூட்டுகிறார்கள்.

12 லட்சத்தைத் தாண்டும் இடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். வட்டி மட்டுமே 12,40,000 என்றால், தாண்டிய 40,000 முழுவதும் வரியாகப் போகும், மேலே செஸ் 1,600. சுமார் 12.7 லட்சம் வரை இதே கதை: கூடுதலாகச் சம்பாதித்த ஒவ்வொரு ரூபாயும் வரிக்கே.

இந்தக் கோட்டை அறியாமலே தாண்டுபவர்கள் கூட்டுவட்டி எஃப்.டி. வைத்திருப்பவர்கள். 20 லட்சம், 5 வருடம், 7%: முதிர்வில் வட்டி சுமார் 8.3 லட்சம். அதை முதிர்ந்த வருடத்தில் மொத்தமாகக் காட்டினால், வழக்கமாக 7 லட்சம் வருமானம் உள்ளவருக்கு அந்த வருடம் 15.3 லட்சம் ஆகிறது. வரி சுமார் 1.14 லட்சம். அதே வட்டியை வருடா வருடம் சேரச் சேரக் காட்டியிருந்தால் முதல் வருடம் 1.44 லட்சம், கடைசி வருடம் 1.9 லட்சம். எந்த வருடமும் 9 லட்சத்தைத் தொடாது, வரி பூஜ்யம். வங்கியும் வருடா வருடம்தான் வட்டியைப் பதிவு செய்து அரசுக்குத் தெரிவிக்கிறது. வரித் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கும் 26ஏஎஸ் படிவத்திலும் ஏ.ஐ.எஸ். அறிக்கையிலும் அது அப்படியே இருக்கும். முதல் வருடத்திலிருந்தே சேர்ந்த வட்டியைக் காட்டும் முறையைப் பிடித்துக்கொண்டு அதையே தொடருங்கள். நடுவில் மாற்றினால் ஒரே வட்டி இரண்டு முறை கணக்கில் ஏறி, நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டிவரும்.

பங்கு, பங்குசார் ஃபண்டுகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 87ஏ தள்ளுபடி பொருந்தாது, வருடம் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5% வரி. பெரிய தொகையை விற்பதானால் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று பிரித்தால் இரண்டு வருட விலக்கும் கிடைக்கும்.

மனைவி பெயரில் போட்டால் வரி குறையும் என்பது பரவலான நம்பிக்கை. கணவர் பணத்தை எடுத்து மனைவி பெயரில் 30 லட்சம் போட்டால், அந்த 2,46,000 வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். அந்த வட்டியை மனைவி மறுபடி முதலீடு செய்து வரும் வட்டி மட்டும் அவருடையது. மனைவியின் சொந்தச் சம்பாத்தியம், அவர் பெற்றோர் கொடுத்தது என்றால் இந்தச் சிக்கல் இல்லை. வயது வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் அதன் வட்டி கொடுத்தவரின் வருமானத்தோடு சேராது. ஆனால் கொடுத்த பணம் கொடுத்ததுதான். கணவரின் மொத்த வருமானம் சேர்த்தும் 12 லட்சத்துக்குள் நின்றால் வரி வராது. அப்படியானால் இருவருக்கும் 60 ஆனபின் இரண்டு கணக்கு தொடங்கி 60 லட்சத்துக்கும் 8.2% வாங்கிவிடலாம்; கணக்கில் மட்டும் சரியாகக் காட்டுங்கள்.

15எச், ரிட்டர்ன்

60 வயது தாண்டியவருக்கு ஒரு வங்கியில் வருட வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் வட்டி தரும்போதே 10% வரி (டி.டி.எஸ்.) பிடிப்பார்கள்; பான் கொடுக்கவில்லை என்றால் 20%. சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 30 லட்சம் வைத்திருந்தால் வருடம் 24,600 பிடிபடும். வரி பூஜ்யம் என்றால் அதை உறுதிமொழியாகச் சொல்லும் ஃபார்ம் 15எச் கொடுத்து இதைத் தடுக்கலாம். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு வங்கிக்கும், தபால் நிலையத்துக்கும் தனித்தனியாக ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுங்கள். ஜூனில் கொடுத்தால் அதற்குள் பிடித்ததை வங்கி திருப்பித் தராது. ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும். நடுவில் புது எஃப்.டி. போட்டால் 15எச் அதற்கும் பதிவாகியிருக்கிறதா என்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வங்கியிலும் அந்த வங்கி வட்டியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், மொத்த வருமானத்தைக் கூட்டிப் பார்த்துப் போடுங்கள்; தவறான உறுதிமொழி சட்டப்படி குற்றம்.

15எச் கொடுத்தாயிற்று, வரியும் இல்லை, ரிட்டர்ன் எதற்கு என்று விடுபவர்கள் நிறையப் பேர். தள்ளுபடிக்கு முன் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் கட்டாயம். ஜூலை 31 தாண்டினால் தாமதக் கட்டணம்: 5 லட்சம் வரை வருமானத்துக்கு 1,000, மேலே 5,000. 75 வயது தாண்டி, பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் மட்டும் வருபவர் உறுதிமொழி கொடுத்தால் வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துவிடும்; அவர் ரிட்டர்ன் போட வேண்டாம். தொழில் வருமானம் இல்லாத 60 வயது தாண்டியவர் முன்வரி (வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி) கட்ட வேண்டியதும் இல்லை.

எதை முதலில் எடுப்பது

வட்டிக்கு வரி இல்லாத பி.பி.எஃப்.-ஐ (பொது வருங்கால வைப்பு நிதி) கடைசிவரை தொடாமல் விடுங்கள். 7.1% வட்டி, புதிய வரி முறையிலும் வரி இல்லை. 15 வருடம் முடிந்தபின் பணம் கட்டாமலே நீட்டித்து வருடத்துக்கு ஒருமுறை எந்தத் தொகையும் எடுக்கலாம். கட்டிக்கொண்டே நீட்டிக்க விரும்பினால் முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் படிவம் கொடுத்தாக வேண்டும்.

12 லட்சக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கடன் ஃபண்டு, அதாவது கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்டு, ஒரு வழி. ஆதாயத்துக்கு எஃப்.டி. போலவேதான் வரி, ஆனால் விற்கும்போது மட்டும், ஆதாயப் பகுதிக்கு மட்டும். 10 லட்சம் 10.7 லட்சம் ஆனபின் 50,000 எடுத்தால் வருமானமாகக் கணக்கில் ஏறுவது சுமார் 3,270 ரூபாய். எஃப்.டி.யாக இருந்தால் 70,000-மும் ஏறியிருக்கும். ஆனால் தரம் குறைந்த பத்திரங்களில் போடும் ஃபண்டுகள் பக்கம் போக வேண்டாம். 2020 ஏப்ரலில் ஒரு பெரிய ஃபண்டு நிறுவனம் ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் மூடியது.

60 லட்சம் கையில், பென்ஷன் இல்லை, மாதச் செலவு 26,000 என்று ஒரு கணக்கு. சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 30 லட்சம், மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம்: இரண்டும் சேர்ந்து மாதம் சராசரி 26,050. செலவு இதிலேயே ஓடும். மூன்று மூன்று லட்சமாக ஐந்து எஃப்.டி., ஒன்று முதல் ஐந்து வருடம். 3 லட்சம் மிதக்கும் பத்திரம். 3 லட்சம் அவசரத்துக்கு, உடனே எடுக்கும் கணக்கில். விலைவாசி வருடம் 6% ஏறினால் இரண்டாம் வருடப் பற்றாக்குறை 18,000, ஐந்தாம் வருடம் 81,000, முதிரும் எஃப்.டி.யிலிருந்து அதை எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்பப் போட வேண்டும். எஃப்.டி. வட்டியையும் சேர்த்தால் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டும். வரி இல்லை, ரிட்டர்ன் உண்டு.

எழுத்து வேலை ஒன்று பாக்கி. எஃப்.டி.யில் "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்று போட்டிருந்தாலே போதும் என்று நினைக்கிறார்கள். ஒருவர் இறந்தபின் முதிர்வுக்கு முன்பே மற்றவர் எடுக்கலாம் என்ற தனி அனுமதியையும் இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கி எல்லா வாரிசுகளின் சம்மதத்தையும் கேட்கும். சீனியர் சிட்டிசன் கணக்கில் இறந்த நாளிலிருந்து வட்டி 4% ஆகிவிடும். தகுதியுள்ள மனைவியோ கணவரோ கூட்டுக் கணக்கில் பெயரோ ஒரே நாமினி உரிமையோ வைத்திருந்தால், வேறு சீனியர் சிட்டிசன் கணக்கு இல்லாத பட்சத்தில், அதே விகிதத்தில் முதிர்வு வரை தொடரலாம்.